ஒழுக்குக்காரர் வீட்டு ஒழுக்கு

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்திலும் மின்சார ரசீதிலும் மட்டும்தான் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவர் ஒழுக்குக்காரர். சுவருக்குள் புதைந்த குழாய் எங்கே கசிகிறது, மொட்டை மாடியின் எந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் பூசணம் பூக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார். அதன் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். அங்கே உடைத்தால் ஈரம் இருக்கும். முப்பது வருஷத்தில் வட்டம் தப்பியது ஐந்தாறு தடவை இருக்கலாம். அதையும் அவரே மறைக்காமல் சொல்லிவிடுவார்.

பேரைக் கேட்டு ஏமாந்தவர்களும் உண்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியர், ஒழுக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து ஆள் அனுப்பினார். இவரும் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். அரை மணி நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கழிப்பறைச் சுவரில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தார். அந்தப் பள்ளி அலுவலகத்தில்தான் அவர் மனைவிக்கு வேலை. விஷயம் தெரிந்தும் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை என்று அவள் பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு நாள் காலை, கார் நிற்கும் இடத்தில், கறுப்பாக ஒரு சொட்டு கிடந்தது.

கார் பச்சை நிறம். இருபத்தாறு வயது. ஒரு பல் டாக்டர் பத்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. பின் இருக்கையை மடக்கிவிட்டுக் கருவிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். கூரையில் குழாய் கட்டுவதற்குக் கம்பிச் சட்டம். பார்வைக்கு நோஞ்சானாக இருந்தாலும் ஒரு நாளும் வழியில் நின்று மானத்தை வாங்கியதில்லை. அந்த முதல் சொட்டைச் செருப்பால் தேய்த்துவிட்டுப் போனார். வயசான வண்டி, ஒரு சொட்டு விடத்தான் செய்யும். அடுத்த வாரம் அது காசு அளவானது. அதற்கடுத்த வாரம் டப்பா மூடி அளவு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தபோது மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"ஊரெல்லாம் போய் ஒழுக்கை நிறுத்துறீங்க. நம்ம வாசலை யார் வந்து பார்க்கிறது?"

"மச்சான்கிட்ட விட்டுடறேன்" என்றார்.

மச்சான் என்பது மனைவியின் தம்பி. நாற்பத்தைந்து வயதுத் தனிக்கட்டை. இரண்டு தெரு தள்ளி, மரக்கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கார் பட்டறை வைத்திருந்தான். நல்ல கை, வாய் அதைவிட நல்ல வாய். வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் பேச்சு மட்டும் வெளியே வந்துகொண்டே இருக்கும். பேச்சு நின்றால் ஸ்பேனர் வழுக்கி விரலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அவன் பேச, ஒழுக்குக்காரர் கேட்க, அப்படியே இருபது வருஷம் ஓடியிருந்தது.

"இது ஒரு விஷயமே இல்லை அத்தான்" என்றான் மச்சான், பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்ததுமே. "மேல டேப்பெட் கவர் இருக்கு பாருங்க, அதுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட் காஞ்சு போச்சு. இருபத்தாறு வருஷம் சூட்டுல கிடந்தா நாமளே காஞ்சு போவோம். பாவம், ரப்பர் என்ன பண்ணும்?"

கேஸ்கெட்டை மாற்றினான். பத்து நாள் வாசல் துடைத்த மாதிரி இருந்தது. பதினோராம் நாள் சொட்டு திரும்பவும் வந்தது, இந்தத் தடவை ஒரு சாண் தள்ளி. மச்சான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் தேங்கும் சேம்பரின் விளிம்பு கசிகிறது என்றான். அதையும் கழற்றிச் சுத்தம் செய்து புது கேஸ்கெட் வைத்து மாட்டினான். மூன்று வாரம் கழித்து முன்பக்கம், பெல்ட் ஓடும் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வழிந்தது. அங்கே இருந்த ஆயில் சீலை மாற்றினான். அதன் பிறகு பின்பக்கம், என்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில். அதற்குக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். மூன்று நாள் வண்டி பட்டறையில் அந்தரத்தில் நின்றது. ஒழுக்குக்காரர் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைச் சுற்றி மரியாதையாக இடம் விட்டார்கள்.

இரண்டு வாரம். பிறகு மறுபடியும் சொட்டு.

இதில் அவர் கவனித்த ஒரு விஷயம் வேறு. ஒவ்வொரு தடவையும் மச்சானின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதல் தடவை ரப்பரின் பாவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினவன், நாலாவது தடவை சாவியைக் கையில் கொடுத்து, "பார்த்து ஓட்டுங்க அத்தான்" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வயிறு சரியில்லை என்றான். மூன்றாவது ஞாயிறு காரணம் சொல்லக்கூட ஆள் வரவில்லை. மனைவி ஒரு தட்டை அதிகமாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் வீட்டுக்குப் போனது. மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மாமியாரோடு சேர்ந்து புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். மாமியார், அதாவது ஒழுக்குக்காரருக்குச் சம்பந்தியம்மா, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையானவர், அளந்து பேசுகிறவர். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். கார் நிறுத்தும் இடத்திலேயே வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார்கள். ஒழுக்குக்காரர் தயங்கித் தயங்கித்தான் வண்டியை உள்ளே விட்டார். அவர் கதவைச் சாத்துவதற்குள் சம்பந்தியம்மா ஒரு அகலமான அலுமினியத் தட்டோடு வந்து, குனிந்து, அதைச் சரியாக என்ஜினுக்குக் கீழே தள்ளிவிட்டார். மகள் எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க சம்பந்தி. டைல்ஸ் புதுசு" என்றார்.

"அதுக்கென்ன" என்றார் இவர்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. மருமகன் தன் அலுவலகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே அலுமினியத் தட்டில் விழும் சொட்டு அறைக்குள் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. சுவருக்குள் ஊசி முனை அளவு கசிவதையே கேட்கிற காது அவருக்கு. 'டொக்.' மருமகன் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பார். 'டொக்.' மகள் இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்பாள். 'டொக்.' ஒரு மணி நேரத்தில் அறுபத்தேழு சொட்டு. யாராவது கேட்டிருந்தால் அன்று பேசியதில் ஒன்றுகூட அவரால் திருப்பிச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த மாதம் போனபோது வண்டியைத் தெருமுனையிலேயே ஓரங்கட்டிவிட்டார். பழப்பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள்.

"காரை வாங்கி வச்சுக்கிட்டு நடக்கிறது இந்த ஊர்லயே நாம மட்டும்தான்" என்றாள் மனைவி.

"நடந்தா உடம்புக்கு நல்லது."

"அப்ப காரையும் நடத்திக் கூட்டிட்டு வாங்க."

மரக்கடைக்காரர் ஒரு நாள் அவரை நிறுத்தி, பெரிய சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் பட்டறையைப் பற்றிச் சொன்னார். கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துப் பார்க்கிறார்களாம். ராத்திரி சாப்பிடும்போது அவர் அதைப் பேச்சுவாக்கில் மனைவியிடம் சொன்னார். அவள் கை தட்டிலேயே நின்றது.

"என் தம்பி மூஞ்சியில கரியைப் பூசணும்னா தாராளமாப் போங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருக்கும் போக மனமில்லை. அவன் வைத்த கேஸ்கெட் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்த பக்குவத்தையும், ஒவ்வொரு போல்ட்டையும் குறுக்குமறுக்காக ஒரே அளவில் இறுக்கிய நிதானத்தையும் பார்த்திருக்கிறார். அந்தக் கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் எண்ணெய் வந்துகொண்டுதானே இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை காலை, கூப்பிட்ட வேலைகளையெல்லாம் தள்ளிப் போட்டுவிட்டு, பழைய பேன்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து என்ஜினை மேலிருந்து கீழ்வரை கழுவினார். பழைய துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்தார். பிறகு உள்ளே போய் மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார்.

"பவுடர் பூசி சிங்காரிச்சா நின்னுடுமா?" என்றாள் அவள், ஜன்னல் வழியாக.

"நிக்காது. எங்க இருந்து கிளம்புதுன்னு தெரியும். எண்ணெய் எப்பவும் விழுற இடத்தைத்தான் காட்டும், கிளம்புற இடத்தைக் காட்டாது."

என்ஜின் முழுக்கப் பவுடர் தூவினார். வீட்டு வாசல் பூராவும் மல்லிகை வாசனை. அடியில் செய்தித்தாளை விரித்து, வண்டியைக் கிளப்பி, அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, முன்சக்கரங்களை ஏற்றி வைத்திருந்த மரக்கட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

அவர் எதிர்பார்த்தது ஒரு கோடு. வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் மூலம். அங்கே இருந்ததோ மூன்று. மேலே டேப்பெட் கவரின் ஓரத்தில் ஒரு ஈரம். சேம்பரின் விளிம்பில் ஒன்று. முன்பக்கச் சீலைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒன்று. மூன்றும் மச்சான் புதிதாக மாற்றிய இடங்கள். மூன்றும் ஒரே நேரத்தில், சொல்லி வைத்த மாதிரி, வியர்த்துக்கொண்டிருந்தன.

வெளியே வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். ஒரு கேஸ்கெட் சரியில்லை என்றால் நம்பலாம். மூன்று புது கேஸ்கெட்டும் சேர்ந்து துரோகம் செய்யுமா? என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்வை சும்மா அதன் மேல் கிடந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் தலை வளையம் ஒரு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டு நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அது அவருக்குப் புதிதல்ல. ஒரு மாதமாகவே காலையில் எண்ணெய் பார்க்கும்போது அந்தக் கம்பி கொஞ்சம் மேலே வந்திருக்கும். நேற்று நாம்தான் சரியாக அழுத்தவில்லை போல என்று அமுக்கிவிட்டுப் போய்விடுவார். இப்போதும் எழுந்து போய் அமுக்கினார். அது அடங்கி உட்கார்ந்தது. பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தூக்கத்திலிருந்து ஒருவன் தலையைத் தூக்குகிற மாதிரி, மெதுவாக மேலே வந்தது.

மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் துணியால் பிடித்துத் திருகினார். மூடி கழன்றதும் சூடான புகை பொத்தென்று முகத்தில் அடித்தது. பின்னால் நகர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று இடத்து ஈரமும் அவருக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. கேஸ்கெட்டுகள் தாமாகக் கசியவில்லை. உள்ளே ஏதோ முட்டித் தள்ளுகிறது. வீடுகளில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர். இணைப்புகளை மாற்றி மாற்றி அலுத்துப்போன வீட்டுக்காரர்களிடம், "ஓட்டையை அப்புறம் அடைக்கலாம், தள்ளுறது யாருன்னு முதல்ல பாருங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். சொந்த வாசலில் நாலு மாதமாக அது தோன்றவில்லை.

பல் டாக்டர் வண்டியோடு கொடுத்த புத்தகம் டேஷ்போர்டு பெட்டியில் மஞ்சளாகிக் கிடந்தது. படம் படமாகத் தேடினார். என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்ற ஒரு குழாய் இருக்கத்தான் செய்தது. கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய், டேப்பெட் கவரிலிருந்து காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் போகிறது. பட்டறைக்காரர்கள் அதைப் பிரீதர் குழாய் என்பார்கள். என்ஜின் மூச்சு விடுவது அது வழியாகத்தான். அது அடைத்திருந்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும்.

என்ஜினை நிறுத்தினார். குழாய் ஆறியதும் இரண்டு கிளிப்பையும் தளர்த்திக் கழற்றினார். வாயில் வைத்து ஊதினார்.

காற்று தாராளமாகப் போனது.

ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை ஊதினார். ஒரு தடையும் இல்லை. வாயெல்லாம் கசப்பு. துப்பிவிட்டு, கழற்றியதுதான் கழற்றினோம், கழுவியாவது மாட்டலாம் என்று குழாயை நிமிர்த்திப் பிடித்து மண்ணெண்ணெயை ஊற்றினார். கீழே கிண்ணம் வைத்திருந்தார். கிண்ணத்தில் ஒன்றும் விழவில்லை. குழாயின் வாய்வரை மண்ணெண்ணெய் தளும்பி நின்றது, டம்ளரில் நிற்பதுபோல.

குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது கடகடவென்று கொட்டிவிட்டது. இப்போது அந்த முனையில் ஊற்றினார். தடையில்லாமல் கிண்ணத்தில் இறங்கியது. மறுபடி திருப்பி முதல் முனையில் ஊற்றினார். நின்றது.

"இங்க வந்து இதைப் பாரேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் கூப்பிடுகிற ஆளில்லை; அவள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். டார்ச்சைக் குழாய்க்குள் அடித்துக் காட்டினார். உள் பக்கத்து ரப்பர் உரிந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கியது. ஒரு பக்கமிருந்து ஊதினால் நாக்கு சுவரோடு ஒட்டி வழி விடும். மறுபக்கமிருந்து வந்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். என்ஜினின் புகை வருவது அந்த மறுபக்கத்திலிருந்து.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"இவ்வளவுதான்."

முதலில் அவள் முகம் மலர்ந்தது. பிறகு யோசனை வந்தது. "தம்பிகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?"

"குழாய் கெட்டுப் போச்சுன்னு சொல்றேன்."

"அப்படிச் சொன்னா, நாலு மாசமா நீ என்னத்தைக் கிழிச்சேன்னு கேட்ட மாதிரி இருக்கும். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. வண்டியைக் கொண்டு போய் விடுங்க. லேசா எடுத்துக் கொடுங்க. அவனே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்."

"அது பொய் இல்லையா?"

"வாயைத் திறந்தாதானே பொய்?" என்றாள். தலைமையாசிரியர் விஷயத்தில் அவளுக்கு அனுபவம் இருந்தது.

குழாயைப் பழையபடி மாட்டினார். மறுநாள் காலை பட்டறை வாசலில் வண்டி போய் நின்றதும் மச்சானின் தோள் இறங்கியதை அவர் கண்ணாடி வழியாகவே பார்த்தார். கொஞ்சம் இளைத்திருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்தான்.

ஒழுக்குக்காரர் வீட்டிலிருந்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தார். "மச்சான், இந்த ஆயில் பார்க்கிற கம்பி தானா மேல வருது. ஏன்னு தெரியலை."

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். என்ஜினைக் கிளப்பச் சொன்னான். கம்பியை அமுக்கிவிட்டு, அது எழுந்து வருவதைக் கண்கொட்டாமல் பார்த்தான். கை நேராகப் பிரீதர் குழாய்க்குப் போனது. நிறுத்தச் சொல்லிவிட்டு அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான்.

"நல்லாத்தான் போகுது" என்றான், சோர்ந்த குரலில். "இதை நான் ரெண்டாவது தடவையே ஊதிப் பார்த்தேன் அத்தான். அப்பவும் நல்லாத்தான் போச்சு."

ஒழுக்குக்காரர் கூரைத் தகரத்தைப் பார்த்தார். மரக்கடையைப் பார்த்தார். லேசாக எடுத்துக் கொடுக்கச் சொன்னாளே, இதற்கு மேல் எப்படி லேசாக எடுத்துக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பக்கமா ஊதிப் பாரு" என்றார்.

மச்சான் குழாயைத் திருப்பினான். ஊதினான். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. குழாயை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தான்.

"எப்பத் தெரியும்?"

"எது?"

"அத்தான், உங்களுக்கு நடிக்க வராது. விட்டுடுங்க."

"நேத்து" என்றார் அவர்.

மச்சான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தான். அவன் கோபிக்கிறானா, அவமானப்படுகிறானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சுவர் என்றால் கம்பியை வைத்துப் பார்க்கலாம். ஆள் என்றால் பக்கத்தில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போட்ட கேஸ்கெட் ஒண்ணுலயும் தப்பு இல்லை மச்சான்" என்றார். "உள்ள இருந்து அந்தத் தள்ளு தள்ளினா இரும்பே வழி விடும். உன்னோடது ஒவ்வொண்ணும் பத்து நாள், மூணு வாரம்னு தாங்கிச்சு."

மச்சான் எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தான். அழுக்குத் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தான். உள்ளே புதுக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். கண்ணாடியில் அவன் வேறு யாரோ மாதிரி, ஒரு தபால் அதிகாரி மாதிரி இருந்தான்.

"ஆறு மாசமாக் கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியுது" என்றான். "யார்கிட்டயும் சொல்லலை. கண்ணாடி வாங்கினேன், போட்டுக்க வெக்கமா இருந்துச்சு. உங்க வண்டி ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும், நமக்குத் தெரியாம கேஸ்கெட்டை மடிச்சு வச்சிட்டோம், சீலைக் கோணலா அடிச்சிட்டோம்னு நெனைச்சேன். கண்ணு போச்சு, கை போச்சு, இனிமே கடையை மூட வேண்டியதுதான்னு... அக்கா வீட்டுக்கு வந்து எப்படி உட்கார்ந்து சாப்பிடுறது?"

நாலு மாதமாக ஒழுக்குக்காரர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு உறுத்தியது.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் வராதே." மச்சான் சிரித்தான். அந்தச் சிரிப்போடு, அடைத்திருந்ததெல்லாம் திறந்துகொண்ட மாதிரி பேச்சு வந்தது. அந்தக் குழாயைச் செய்தவனைப் பற்றி, ரப்பரின் புத்தியைப் பற்றி, எந்த முனையில் ஊதுவது என்று யோசிக்காத தன் புத்தியைப் பற்றி, பேசிக்கொண்டே புதுக் குழாய் ஒன்றை அளந்து வெட்டி மாட்டினான். மேல் கவரின் கேஸ்கெட் ஓரம் பிதுங்கியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதையும் மாற்றினான். கம்பியை அமுக்கினான். இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார்கள். அது உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமைதான். வேலை முடிந்ததும் இருவரும் அதே வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். மச்சான் இரண்டு மணிக்கு உட்கார்ந்து மூன்றரைக்கு எழுந்தான். கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தான். அக்கா அதைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

ஒரு மாதம் செய்தித்தாள் விரித்து விரித்துப் பார்த்தார்கள். தாளில் இருந்த செய்தியைத் தவிர வேறு கறுப்பு இல்லை. மகள் வீட்டுக்குப் போனபோது வண்டியை நேராக உள்ளேயே விட்டார். சம்பந்தியம்மா முன்பு போலவே தட்டைத் தள்ளினார். கிளம்பும்போது அதை வெளியே இழுத்துப் பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவியும் பார்த்தார், நர்ஸ் அல்லவா.

"யார் சரி பண்ணினது சம்பந்தி?"

"என் மச்சான்" என்றார் ஒழுக்குக்காரர். மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் அவர் சொன்ன முதல் பொய் அது. பாதிப் பொய் என்றும் சொல்லலாம். அடுத்த வாரமே சம்பந்தியம்மாவின் தங்கை கார் மச்சானின் பட்டறைக்கு வந்தது.

இது நடந்து எட்டு மாதம் இருக்கும். ஒழுக்குக்காரருக்கு இடது காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் நம்பவில்லை, சுவர் தடிமன் என்று நினைத்தார். ஒரு வீட்டில் மூன்று தடவை கம்பியை மாற்றி வைத்தும் ஒன்றும் கேட்காமல், வலது காதுக்கு மாற்றியதும் தெளிவாகக் கேட்டது. அன்று வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறைக்குப் போய் டயர் மேல் உட்கார்ந்து, மச்சானிடம்தான் முதலில் சொன்னார். மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். நான் வர்றேன்" என்றான்.

காது டாக்டரின் காத்திருப்பு அறையில் சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். மச்சான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, தைரியம் சொல்வதாக நினைத்து, முந்தின நாள் வந்த ஒரு வேனின் கிளட்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பாதி வார்த்தைதான் அவருக்கு எட்டியது. கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சுற்றி வந்து, மச்சானுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப முதல்ல இருந்து சொல்லு" என்றார்.